துடுப்புப் பிடியாத துடுப்பாசான்

படகோட்டத்தில் எண்மர் படகு என ஒன்றுண்டு. எட்டுப்பேர் ஆளுக்கொரு துடுப்பு வலிக்க, ஒன்பதாமவர் சுக்கான் பிடிப்பார். 1920 முதல் 1956 வரை நடந்த ஒலிம்பிக் விழாக்களில் இப்போட்டியின் தங்கம் அமெரிக்கரை விட்டு அகன்றதேயில்லை. 1960இல், உரோமாபுரிக்கு அண்மையிலுள்ள அல்பானோ ஏரியில், அதனை ஜேர்மனியர் வென்றனர். அவ்வணியை ஆக்கியவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் என்றால் மாணவச் செல்வங்களே, நம்புவீர்களா?

1912இல் ஹாகன் நகரிற் பிறந்த கார்ல் ஆடம், ஏரிகள் சூழ்ந்த ராட்செபுர்க் என்னும் சிறு நகரிற் கணிதமும் பௌதிகமும் உடற்பயிற்சியும் கற்பித்தார். இளமையில் அவர் குத்துச்சண்டை வீரர். 1937இல் பல்கலைக்கழக மாணவரின் உலகப் போட்டியில் வாகை சூடியவர். படகுப் போட்டியில் துடுப்பு வலித்தவரல்லர். அதுவே அவருக்கு நன்மையாயிற்று என்பது எமது எண்ணம். பழைய வழக்கம் என்பதற்காக எதையும் அவர் ஏற்கவில்லை. ஓட்டவீரர் விரைந்தோடியும் இடையிடையே தளர்ந்தோடியும் பழகும் முறையைப் படகுக்குக் கொணர்ந்தார். அகன்ற அலகுடைய துடுப்புகளைக் கையாண்டார். வீரர் தம்மோடு வாதிடவும் இடமளித்தார். பிரம்போடு வகுப்பிற்குச் சென்ற எம்போன்றோர்க்கு இது சற்று உறுத்தும் செய்தியே! அவ்வணியில் துடுப்பு வலித்த ஹான்ஸ் லெங்க் பின்னாளில் மெய்யியற் பேராசிரியரானார்.

1964இல் தோக்கியோவில் அமெரிக்கர் மீண்டும் வென்றனர். ஆடமின் அணிக்கு வெள்ளியே கிட்டியது. 1968இல் மெக்சிக்கோவில் தங்கம் திரும்பிற்று. இதனிடையே, 1966இல், ராட்செபுர்க் ஏரிக்கரையிற் படகோட்டப் பயிற்சிக்கெனத் தனியொரு கல்விக்கழகம் எழுந்தது. பத்தாண்டுகளின் பின், 1976இல், ஆடம் மறைந்தார்.