நள்ளிரவில் கிடைத்த விடை

இரவு மணி 2. ஜூரிச் நகரில் இளைஞர் ஒருவர் திடுக்கிட்டு விழித்தார். நெடுநாள் புதிருக்கு விடை கிடைத்துவிட்டது! அன்று மாலை 5 மணி வரை எழுதிக்கொண்டே இருந்தார்.

அவர்தான் ஆல்பிரட் வெர்னர். உலோக அணுவைச் சுற்றி மற்றவை எப்படி அமைந்துள்ளன என்பதை 1893-ல் வெளியிட்டார். பிளாட்டினத்தைச் சுற்றிச் சதுரமாக இரண்டு குளோரின், இரண்டு அம்மோனியா. குளோரின்கள் அருகருகே இருந்தால் ஒரு பொருள்; எதிரெதிரே இருந்தால் வேறு பொருள் என்றார். பலர் ஏற்க மறுத்தனர். வெர்னர் தளரவில்லை. 1913-ல் நோபல் பரிசு தேடி வந்தது. 1919-ல், 52-வது வயதில் மறைந்தார்.

அரை நூற்றாண்டு கழிந்தது. குளோரின்கள் அருகருகே உள்ள பொருள் புற்றுநோய்க் கட்டியைக் கரைப்பதாக 1969-ல் தெரியவந்தது. அது டி.என்.ஏ. இழையைப் பற்றி வளைத்து, செல்கள் பெருகாமல் தடுக்கிறது. அதுவே 'சிஸ்பிளாட்டின்' மருந்து. எதிரெதிரே உள்ளதோ மருந்தாகவில்லை!

உயிர் காக்கும் அந்த வித்தியாசத்தை முதலில் விளக்கியவர், மருந்தைக் காணாமலே போய்விட்டார்.