மணலில் பொன் பிரித்த மக்கார்தர்

கோலார் தங்கவயலின் வரலாற்றைப் பேசுவோர், 1880-இல் அங்கு வந்த ஜான் டெய்லர் கம்பெனியாரைச் சொல்வர். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைக்க வந்து பாதாளத்தில் இறங்கிய நம் தமிழ்த் தொழிலாளரைச் சொல்வர். ஆனால் ஓர் இரசாயன அறிஞரை மட்டும் மறந்துவிடுவர். எங்கள் ஊரைச் சூழ்ந்து நிற்கும் சயனைட் மலைகள் அவர் வகுத்த முறையின் எச்சமே. அவர்தாம் ஜான் ஸ்டூவர்ட் மக்கார்தர்.

அவர் 1856-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். 1871-இல், பள்ளிப் பிள்ளையின் வயதிலேயே, தார்சிஸ் என்னும் செம்புக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். கல்லூரிப் பட்டத்தைவிட உலையும் தராசுமே அவருக்கு ஆசான்களாயின.

அக்காலத்தில் தங்கத்தைப் பாறைப் பொடியிலிருந்து பாதரசத்தால் பிரித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களோ பாதரசத்துக்குச் சிக்காமல் மணலோடு போயின. உயிரைக் கொடுத்துத் தோண்டியதில் பெரும்பங்கு குப்பைக்குப் போனது என்றால் மிகையாகாது.

இதற்கு வழி தேடிய மக்கார்தருக்கு ராபர்ட் ஃபாரஸ்ட், வில்லியம் ஃபாரஸ்ட் என்ற மருத்துவச் சகோதரர்கள் துணை நின்றனர். பல கரைப்பான்களைச் சோதித்தனர். 1886-இல் சயனைட்டையும் சோதித்தனர். கரைசலில் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் செலுத்தினர், தங்கம் வீழ்படிவாகவில்லை. ஆகவே சயனைட் பயனற்றது என்று ஒதுக்கினர். உண்மையில் தங்கம் கரைந்தேயிருந்தது. சயனைட்டோடு இணைந்த தங்கத்தை அந்த வாயுவால் பிரிக்க இயலாது, அவ்வளவே! மறு ஆண்டு கரைசலை விட்டு, எஞ்சிய மணலைச் சோதித்தனர். மணலில் தங்கம் இல்லை. 1887 அக்டோபரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர்.

சயனைட் தங்கத்தைக் கரைக்கும் என்பதை விஞ்ஞானிகள் நூறாண்டு முன்பே அறிந்திருந்தனர். அறிந்ததைத் தொழிலாக்கியவர் மக்கார்தர். நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவான கரைசலே போதும் என்று காட்டினார். கரைந்த தங்கத்தை மீட்கத் துத்தநாகத்தை மெல்லிய சீவல்களாக்கிப் பயன்படுத்தினார். பரப்பு பெருகியது, தங்கம் விரைந்து படிந்தது. 1889-இல் நியூசிலாந்திலும், அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்காவிலும் இம்முறை தொழிலுக்கு வந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தங்கம் கிடைத்தது. நம் தங்கவயலும் இதைக் கைக்கொண்டது.

உலகம் செழித்தது, அவர் செழிக்கவில்லை. சுரங்க முதலாளிகள் வழக்குத் தொடுத்தனர். 1896-இல் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் காப்புரிமையைத் தள்ளியது. அவர் சோர்ந்தாரில்லை. 1911-இல் ரன்கார்ன் நகரில் ரேடியம் பிரிக்கும் தொழிலைத் தொடங்கினார். 1915-இல் அதை ஸ்காட்லாந்தின் பாலக்கிற்கு மாற்றினார். 1920-இல் மறைந்தார்.

அவர் வாழ்வு கூறுவது யாது? ஆய்வுக்குடுவையில் பிறந்த உண்மை ஆலைக்குச் சென்றாலன்றி நாட்டுக்குப் பயன்படாது. இது முதற்பாடம். இரண்டாம் பாடத்தை எங்கள் ஊர் கற்பிக்கிறது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. தங்கம் போயிற்று, மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட கழிவு மணல் நிற்கிறது. சயனைட் வெயிலிலும் காற்றிலும் பெரும்பாலும் சிதைந்துவிடும். பொடியான பாறையோ சிதையாது. கோடைக்காற்றில் எழுந்து தொழிலாளர் லைன் வீடுகளில் படிகிறது. தங்கத்தைக் கணக்கிட்டவர்கள் மணலைக் கணக்கிடவில்லை.

அம்மணலில் இன்னும் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான தங்கம் உண்டு. அதை மீட்க அரசு திட்டமிடுகிறது. சயனைட்டுக்குப் பதில் தயோசல்பேட்டைக் கொண்டு தங்கம் பிரிக்கும் ஆலை 2014-இல் அமெரிக்காவின் நெவாடாவில் தொடங்கப்பட்டது. நம் மணலுக்கு எது ஏற்கும்? பிரித்தபின் எஞ்சுவதைச் செங்கல்லாகவோ நிலம் நிரப்பவோ தீங்கின்றிப் பயன்படுத்துவது எப்படி? புழுதியை அடக்கும் செடி எது?

நண்பர்களே! இக்கேள்விகள் பிறருடையன அல்ல. இரசாயனம் பயில்வோரே, பொறியியல் பயில்வோரே, ஒரு பிடி மணலை எடுத்துச் சென்று உங்கள் ஆய்வுக்கூடத்தில் தொடங்குங்கள். மக்கார்தர் எஞ்சிய மணலைச் சோதித்தே வென்றார். நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.