வணிகப் பெருமாட்டி ஹாஜ்ஜா பாத்திமா

சகோதரர்களே! சிங்கப்பூர் பீச் ரோட்டில் ஹாஜ்ஜா பாத்திமா பள்ளிவாசல் என்று ஒன்று இருப்பது நம்மவர் பலருக்கும் தெரியும். சரக்கு எடுக்க அந்தப் பக்கம் போனவர்கள் அங்கே ஒரு வக்து தொழுதும் இருப்பார்கள். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் நம்மைப் போலவே வரவும் செலவும் பார்த்து வாழ்ந்த ஒரு வியாபாரி என்பதை எத்தனை பேர் அறிவோம்? நாமும் நெடுங்காலம் அறியாமல்தான் இருந்தோம். அறிந்த மட்டும் இங்கே எழுதுகிறோம்.

அம்மையார் மலாக்காவில் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். செலிபிஸ் தீவைச் சேர்ந்த பூகிஸ் இளவரசர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டார். அந்தத் தீவு இன்று சுலாவெசி எனப்படுகிறது. பூகிஸ்காரர்கள் கடலோடிகள். பருவக்காற்று திரும்பியதும் தீவுகளின் சரக்கைப் படகுகளில் ஏற்றிக்கொண்டு வந்து, துணியும் இரும்பும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். 1819-ல் ஆங்கிலேயர் சிங்கப்பூரில் துறைமுகம் திறந்த பிறகு, அந்த வியாபாரத்தில் பெரும்பகுதி இங்கே வந்து சேர்ந்தது. அம்மையாரின் கணவருக்கும் சிங்கப்பூரில் வியாபாரத் தலம் இருந்தது.

அந்தக் கணவர் அதிக நாள் வாழவில்லை. இளம் வயதில் அம்மையார் விதவையானார். கையில் ஒரே மகள், பெயர் ராஜா சித்தி. கடையை விற்றுவிட்டு மலாக்காவில் பிறந்த வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போகவில்லை. கணவர் விட்ட இடத்திலிருந்து வியாபாரத்தைத் தாமே நடத்தினார். நடத்தினார் என்றால் காப்பாற்றி வைத்தார் என்று மட்டும் பொருளல்ல, பெருக்கினார். நாளடைவில் பல கப்பல்களும் படகுகளும் அவருக்குச் சொந்தமாயின. நம் முன்னோர்கள் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஜாமிஆ சூலியா பள்ளியை எழுப்பிக்கொண்டிருந்த அதே காலத்தில், கம்போங் கிளாம் பக்கத்தில் ஒரு பெண்மணி கப்பல் வியாபாரம் செய்துகொண்டிருந்தார் என்பது நாம் நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தி.

செல்வம் வந்த இடத்துக்குத் திருடனும் வந்தான். 1830-களின் பிற்பகுதியில் கம்போங் கிளாமில் அம்மையார் வசித்த வீட்டில் இருமுறை கொள்ளை நடந்தது. இரண்டாம் முறை கொள்ளையர் வீட்டுக்குத் தீயும் வைத்துவிட்டார்கள். பொருள் போயிற்று, வீடு எரிந்தது, அம்மையாரின் உடலுக்கு மட்டும் ஒரு தீங்கும் இல்லை.

இந்த இடத்தில் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். நம் கடையில் ஒரு முறை பூட்டை உடைத்தாலே என்ன செய்கிறோம்? இன்னொரு பூட்டு வாங்குகிறோம், பையன்கள் மேல் சந்தேகப்படுகிறோம், போனதை எண்ணி ஆறு மாதம் பெருமூச்சு விடுகிறோம். நாமும் அப்படித்தான் விட்டோம். அம்மையார் போனதை எண்ணவில்லை, தப்பியதை எண்ணினார். உயிரைக் காத்த நாயனுக்கு நன்றியாக, வீடு இருந்த அந்த நிலத்தையே பள்ளிவாசலுக்குக் கொடுத்து, கட்டும் செலவையும் தாமே ஏற்றுக்கொண்டார். 1845, 46-ஆம் ஆண்டுகளில் பள்ளி எழுந்தது. பக்கத்தில் ஏழைகள் குடியிருக்க வீடுகளும் கட்டிக் கொடுத்தார். தம் வீடு எரிந்த மண்ணில் வீடில்லாதவருக்கு வீடு கொடுத்த மனத்தை என்னவென்று சொல்வது!

பள்ளியின் மனாரா ஐரோப்பியர் கட்டும் கோபுரத்தைப் போல் கூராக இருக்கும். மணற்பாங்கான பூமியாதலால் அது குப்பாவின் பக்கமாகச் சற்றே சாய்ந்து நிற்கிறது. சாய்ந்ததே தவிர விழவில்லை. 1930-களில் தொழுகைக் கூடம் புதிதாகக் கட்டப்பட்டது. 1973-ல் அரசாங்கம் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. அன்று அருகில் இருந்த கடல் இன்று மண் கொட்டித் தூர்க்கப்பட்டுத் தொலைவாகப் போய்விட்டது, சுற்றிலும் அடுக்கு மாடிகள் எழுந்துவிட்டன. பள்ளி மட்டும் அதே இடத்தில் நிற்கிறது.

குடும்பத்தையும் அம்மையார் அதே கவனத்தோடு பார்த்தார். மகள் ராஜா சித்தியை, அரபு வணிகர் செய்யிது அப்துர் ரஹ்மான் அல்சகாப் அவர்களின் மகன் செய்யிது அஹ்மதுக்கு மணமுடித்துக் கொடுத்தார். பூகிஸ் வியாபாரமும் அரபு வியாபாரமும் ஒரே குடும்பத்தில் சேர்ந்தன. அந்த மருமகன் 1848-ல் தொடங்கிய அல்சகாப் கம்பெனி இந்த நாட்டில் பெயர் பெற்ற ஸ்தாபனமாயிற்று. பேரன் செய்யிது முஹம்மது விட்டுச் சென்ற பொருளைக் கொண்டு 1912-ல் ஜாலான் சுல்தானில் அல்சகாப் மதரஸா உண்டாயிற்று. அது பிற்காலத்தில் பெண்பிள்ளைகளுக்கே உரிய மதரஸாவாக மாறி, இன்றும் நடந்து வருகிறது. பாட்டியார் கணக்குப் பார்த்த குடும்பத்தின் பொருளில் இன்று பெண்மக்கள் கிதாபு ஓதுகிறார்கள்.

அம்மையார் 98 வயது வரை வாழ்ந்தார் என்று சொல்லப்படுகிறது. அவரும் மகளும் மருமகனும் பள்ளியின் பின்புறத்திலேயே அடக்கமாகியிருக்கிறார்கள்.

சகோதரர்களே, இதை நாம் எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. நமக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் திடீரென்று வபாத்தானார். யார் யார் எவ்வளவு பாக்கி, எந்தச் சரக்குக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற ஒரு விவரமும் அவர் மனைவிக்குத் தெரியாது. கொடுக்க வேண்டியவர்களில் பலர் வாயை மூடிக்கொண்டார்கள், வாங்க வேண்டியவர்கள் மட்டும் தவறாமல் வாசலில் வந்து நின்றார்கள். ஒரே வருஷத்தில் கடை கைமாறிவிட்டது. அந்த அம்மாளிடம் அறிவு இல்லாமல் இல்லை. கணக்கை யாரும் அவரிடம் காட்டவில்லை, அவ்வளவுதான். அன்றிரவு வீட்டுக்கு வந்து நம் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தோம். அதையும் நம் வீட்டார் அதுவரை தொட்டதில்லை.

இப்போது வெள்ளிதோறும் இஷாவுக்குப் பின் வீட்டாரும் மூத்த மகளும் நம்மோடு உட்கார்ந்து பற்று வரவு பார்க்கிறார்கள். சென்ற மாதம் நாம் கூட்டலில் விட்ட பிழை ஒன்றை மகள்தான் கண்டுபிடித்தாள். பள்ளிவாசல் கட்டும் வசதி நம் எல்லோருக்கும் இல்லை. நமக்குப் பின்னும் நம் வீட்டார் தலைநிமிர்ந்து நிற்க வழி செய்வது எல்லோராலும் ஆகக்கூடியது.

அடுத்த முறை பீச் ரோட்டுப் பக்கம் போகிறவர்கள் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு, அந்த அம்மையாருக்காக துஆச் செய்து வாருங்கள். அல்லாஹ் அன்னாரின் கபுரை ஒளிவாக்கி, அவர் செய்த தர்மங்களை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.