நா. கோவிந்தசாமி

நா. கோவிந்தசாமி (1946 - மே 26, 1999) சிங்கப்பூரைச் சேர்ந்த தமிழ் எழுத்தாளரும் கல்வியாளரும் ஆவார். கணினியிலும் இணையத்திலும் தமிழைப் புழங்கச் செய்த முன்னோடிகளுள் ஒருவர். கணியன் என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கியவர். பல நாடுகளில் தனித்தனியே உழைத்துக்கொண்டிருந்த தமிழ்க் கணிமையாளர்களை ஒன்றுகூட்டிய முதல் தமிழ் இணைய மாநாடு 1997-ல் சிங்கப்பூரில் நடைபெறுவதற்குக் காரணமானவர்களுள் முதன்மையானவர்.

எழுத்தும் ஆசிரியப் பணியும்

கோவிந்தசாமி பொறியாளர் அல்லர். சிறுகதை ஆசிரியராகவே இவர் முதலில் அறியப்பட்டார். உள்ளொளியைத் தேடி, வேள்வி ஆகியவை இவருடைய நூல்களுள் அடங்கும். 1994-ல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருதைப் பெற்றார். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றித் தமிழாசிரியர்களை உருவாக்கினார்.

சிங்கப்பூரில் வெளிவரும் சிறுகதைகளை எழுத்தாளர்கள் கூடி ஆராய்வதற்காக அமைந்த இலக்கியக் களத்தை உருவாக்குவதிலும் இவர் முன்னின்றார். தனித்தனியே எழுதுவோரை ஓரிடத்தில் அமர்த்திப் பேசவைக்கும் இந்தப் பழக்கமே பின்னாளில் கணினித் துறையிலும் இவருக்குக் கைகொடுத்தது எனலாம்.

கணியன்

இவர் உருவாக்கிய மென்பொருளுக்குச் சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனாரின் பெயரைச் சூட்டினார். கணிப்பவன் என்ற பொருளும் அப்பெயரில் அடங்கியிருப்பதால் கணினிக்கும் அது இயல்பாகப் பொருந்தியது.

1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் வழங்கும் இணையத்தளம் ஒன்றை அந்நாட்டு அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்தார். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ முதலானோருடன் இணைந்து இதன் தமிழ்ப் பகுதியைக் கோவிந்தசாமி அமைத்தார். தமிழ் இணைய வரலாற்றை எழுதுவோர் பலரும் இத்தளத்திலிருந்தே அதனைத் தொடங்குகின்றனர்.

குறியீட்டுச் சிக்கல்

இவருடைய பணியின் அருமையை உணர 1990களில் கணினித் தமிழ் இருந்த நிலையை அறிந்துகொள்வது தேவை. கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. அக்காலத்தில் பரவலாக இருந்த எட்டு பிட்டு முறையில் கிடைப்பவை 256 இடங்கள். அவற்றுள் முதல் 128 இடங்கள் ஆங்கிலத்திற்கும் கட்டுப்பாட்டுக் குறிகளுக்கும் போய்விடும். எஞ்சிய இடங்களில் தமிழின் 247 எழுத்துகளும் அடங்கா. கா, கெ போன்றவற்றைத் துணைக்குறிகளைச் சேர்த்து அமைத்துவிடலாம். கு, கூ வரிசைகளுக்கோ பெரும்பாலும் தனி வடிவங்கள் வேண்டும். எந்த வடிவத்தை எந்த எண்ணில் வைப்பது என்பதை ஒவ்வொரு எழுத்துரு உருவாக்குநரும் தம் விருப்பப்படி முடிவு செய்தனர்.

விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கது. சென்னையில் தட்டெழுதிய கோப்பு யாழ்ப்பாணத்தில் திறந்தால் புரியாத குறிகளின் வரிசையாகத் தெரிந்தது. ஆசிரியர் அனுப்பும் பயிற்சித்தாளை, அதே எழுத்துரு இல்லாத மாணவரால் படிக்க இயலாது. இருவர் சேர்ந்து ஒரு கட்டுரையைத் திருத்த வேண்டுமானால் இருவரும் ஒரே நிறுவனத்தின் மென்பொருளை வைத்திருக்க வேண்டும். மின்னஞ்சல் உலகெங்கும் கூட்டுப்பணியை மாற்றிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், தமிழர்கள் தமக்குள் ரோமன் எழுத்துகளிலோ ஆங்கிலத்திலோ எழுதிக்கொண்டனர். தமிழ்க் குறியீட்டைப் பற்றிய விவாதங்கள் கூடப் பெரிதும் அவ்வாறே நடந்தன.

இதில் வணிகமும் கலந்திருந்தது. ஒரு நிறுவனத்தின் குறியீட்டில் ஆவணங்களைச் சேர்த்துவிட்ட அச்சகமோ பத்திரிகையோ வேறு மென்பொருளுக்கு மாறுவது கடினம். பொதுத் தகுதரம் வந்தால் அந்தப் பிடி தளரும். ஆகவே இது பொறியியல் வினாவாக மட்டும் இருக்கவில்லை. பலரை இணங்க வைக்க வேண்டிய வேலையாகவும் இருந்தது.

சிங்கப்பூர், 1997

கோவிந்தசாமியும் டான் டின் வீயும் முன்னின்று 1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாட்டை நடத்தினர். பல நாடுகளிலிருந்து வந்த ஆர்வலர்களும் மென்பொருளாளர்களும் நேருக்கு நேர் சந்தித்துப் பொதுக் குறியீடு, பொது விசைப்பலகை ஆகியவற்றின் தேவையைப் பேசினர். முடிவு உடனே எட்டப்படவில்லை. எனினும் மின்னஞ்சலில் பெயராக மட்டுமே அறிந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டனர். தம் சொந்த மென்பொருளை வைத்திருந்த ஒருவரே பொதுத் தகுதரத்திற்கான மாநாட்டைக் கூட்டியது சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது.

இதே காலத்தில் பல நாட்டுத் தன்னார்வலர்கள் மின்னஞ்சல் வழியாகவே விவாதித்துத் திஸ்கி என்னும் குறியீட்டை உருவாக்கினர். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்கள் பகிர்ந்து தட்டெழுதி மின்னூலாக்கும் முயற்சியாக வளர்ந்தது.

சென்னை, 1999

இரண்டாம் மாநாட்டைத் தமிழ்நாடு அரசு 1999 பிப்ரவரியில் சென்னையில் நடத்தியது. தமிழ் மட்டும் எழுத டாம், ஆங்கிலத்துடன் சேர்த்து எழுத டாப் என இரு குறியீடுகளும், தமிழ்99 என்னும் விசைப்பலகையும் அங்கே பரிந்துரைக்கப்பட்டன. தமிழ்99-ல் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் பெரும்பாலான மெய்கள் வலக்கைக்கும் அமைந்தன. க விசையையும் அடுத்து இ விசையையும் தட்டினால் கி தோன்றும். உயிர்மெய்கள் அனைத்தையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

அதே ஆண்டு மே 26 அன்று, 53 வயதை ஒட்டிய பருவத்தில், கோவிந்தசாமி காலமானார். டாம், டாப் குறியீடுகளைத் தமிழ்நாடு அரசு தகுதரமாக அறிவித்தது அடுத்த மாதம், ஜூனில். அதைக் காண அவர் இல்லை.

மறைவுக்குப் பின்

2000 ஜூலையில் மாநாடு மீண்டும் சிங்கப்பூருக்கு வந்தது. அப்போது உத்தமம் எனப்படும் உலகத் தமிழ் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோற்றுவிக்கப்பட்டது. எட்டு பிட்டுக் குறியீடுகளின் ஆயுள் குறுகியதாகவே அமைந்தது. உலக மொழிகள் அனைத்திற்கும் தனித்தனி எண்களை ஒதுக்கும் ஒருங்குறி, இயங்குதளங்களில் இடம்பெற்ற பின் மெல்ல மெல்ல அவற்றின் இடத்தைப் பிடித்தது. தமிழ்நாடு அரசும் 2010 ஜூனில் ஒருங்குறியை ஏற்றது. கோவிந்தசாமியின் பணியில் நிலைத்தது மென்பொருளைக் காட்டிலும், பலரைக் கூட்டி ஒரு முடிவை நோக்கி நகர்த்திய முயற்சியே எனக் கருத இடமுண்டு.

ஒரே ஆவணத்தைப் பலர் ஒரே நேரத்தில் திருத்தும் மென்பொருள்கள் 2005-ஐ ஒட்டி இணையத்தில் பரவத் தொடங்கின. அவற்றுள் ஒன்றான ஜோகோ ரைட்டரை உருவாக்கிய நிறுவனம் 2011-ல் தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறையில் ஓர் அலுவலகத்தைத் திறந்தது. அதே மாவட்டத்தின் ராயகிரி போன்ற சிறு பேரூரில் இருக்கும் மாணவர் ஒருவர், சிங்கப்பூரில் இருப்பவர் எழுதிய தமிழ்ப் பத்தியை இன்று எந்த எழுத்துருவையும் தேடாமல் திருத்த முடிகிறது.

சிங்கப்பூரின் பொன்விழா ஆண்டான 2015-ல், 1965 முதல் அந்நாட்டில் வெளியான தமிழ் இலக்கிய நூல்கள் சுமார் 350, தேசிய நூலக வாரியத்துடன் இணைந்த ஒரு கூட்டுத் திட்டத்தால் மின்வடிவம் பெற்றன. வருடப்பட்ட பக்கங்களை மெய்ப்புப் பார்க்கும் பணியில் தன்னார்வலர்கள் பங்கேற்றனர்.