காகிதத்துக்காகப் பிறந்த ஏசி

பழைய ஆர்கேட் மெஷினைப் பக்கத்துல போய்ப் பாத்திருக்கீங்களா? பாக்‌மேன், டாங்கி காங் மாதிரி, காசு போட்டு நின்னுக்கிட்டே ஆடுற ஆளுயரப் பெட்டி. அமெரிக்காவில் இதை வாங்கி வீட்டு கராஜில் வரிசையா நிறுத்தி வெச்சிருக்கிறவங்க நிறைய பேர். அவங்களுக்குப் பெரிய தலைவலி கொடுக்கிறது காத்துதான்.

கராஜ் பகல்ல கொதிக்கும், ராத்திரி ஆறிப்போகும். காத்தில் இருக்கிற ஈரம் ஏறி, பார்ட்டிகிள் போர்டு பெட்டியின் அடிப்பக்கம் உப்பிடும். காசு போடும் கதவு துருப்பிடிக்கும், கனெக்டர் பின்களில் பச்சை படியும். குளிர்ந்து கிடக்கிற உலோகத்து மேல ஈரக்காத்து பட்டா தண்ணி முத்து முத்தா நிக்கும். அந்த நேரம் பாத்து ஸ்விட்சைப் போட்டா, உள்ளே பல்லாயிரம் வோல்ட்டில் ஓடுற பிக்சர் ட்யூப் இருக்கு. மீதியை நீங்களே யோசிச்சுக்கோங்க.

இந்தத் தலைவலிக்கு முதன்முதலாக ஒழுங்கான கணக்கோடு மருந்து கண்டுபிடிச்ச ஆள் வில்லிஸ் கேரியர். ஏசி பெட்டியில் பாக்கிறோமே, அதே பேர்தான். ஆனா அவர் முதல் ஏசியைச் செஞ்சது மனுஷனுக்காக இல்லைங்கிறது நம்மில் பல பேருக்குத் தெரியாது.

1876 நவம்பர் 26 அன்று நியூயார்க் மாநிலத்தில் அங்கோலா என்ற ஊரில் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தார். சின்ன வயசில் பின்னக் கணக்கு மண்டையில் ஏறவே இல்லை. அவருடைய அம்மா ஆப்பிளைப் பாதியாகவும் காலாகவும் அரைக்காலாகவும் வெட்டிக் காட்டிப் புரியவெச்சாங்க. அவருக்கு 11 வயசிருக்கும்போது அந்த அம்மா இறந்துட்டாங்க. பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையில் சேர்ந்து, புல் வெட்டி, அடுப்புக்குக் கரி போட்டு, சம்பாதிச்சுப் படிச்சார். 1901ல் டிகிரி வாங்கினதும் பஃபலோ ஃபோர்ஜ் கம்பெனியில் வேலை. வாரம் 10 டாலர் சம்பளம்.

அடுத்த வருஷமே, 25 வயசில், அந்தப் பிரச்சினை அவர் மேஜைக்கு வந்தது. புரூக்ளினில் சாக்கெட் வில்ஹெல்ம்ஸ் என்ற அச்சகம். கலர் பத்திரிகை அச்சடிப்பாங்க. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியா, ஒண்ணு மேல ஒண்ணா அடிக்கணும். கோடை வந்தா காத்து ஈரத்தில் காகிதம் விரியும், காஞ்சா சுருங்கும். முதல் நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் நடுவில் காகிதத்தின் அளவே மாறிட்டா? முகம் ஒரு பக்கம், உதட்டுச் சிவப்பு இன்னொரு பக்கம். காகிதம் வீண், நாள் வீண்.

கேரியர் 1902 ஜூலை 17 தேதியிட்ட வரைபடங்களில் இதுக்கு விடை கொடுத்தார். குளிர்ந்த குழாய்ச் சுருள்கள் மேல் காத்தை ஓட்டி ஈரத்தைப் பிரிச்செடுப்பது, வருஷம் முழுக்க 55 சதவீத ஈரப்பதத்தைப் பிடிச்சு வைப்பது என்பது திட்டம். அங்கே வேலை பாத்தவங்களுக்குக் குளுகுளுன்னு இருந்தது ஓசியில் கிடைச்ச லாபம்!

ஆனா அவருக்குத் திருப்தி இல்லை. அதே வருஷக் கடைசியில் பிட்ஸ்பர்க் ரயில்வே பிளாட்ஃபாரத்தில் வண்டிக்குக் காத்திருந்தார். எங்கும் மூடுபனி. மூடுபனி என்பது ஈரத்தால் நிரம்பி வழியும் காத்து. ஆனா குளிர்ந்த மூடுபனியில் இருக்கிற மொத்தத் தண்ணி ரொம்பக் குறைவு. அப்போ நானே தண்ணியைத் தூவி மூடுபனி செஞ்சா, அதன் வெப்பநிலையை வெச்சே காத்தில் எவ்வளவு ஈரம் இருக்கணும்னு முடிவு பண்ணலாமே என்று அவருக்குத் தோணிச்சு. தண்ணியை வெச்சே காத்தைக் காய வைக்கிற யோசனை!

நம்பலைன்னா கணக்குப் போட்டுப் பாருங்க. 10 டிகிரி செல்சியஸில் முழுக்க ஈரம் நிரம்பிய காத்தை 20 டிகிரிக்குச் சூடாக்கினா, ஈரப்பதம் 100லிருந்து சுமார் 52 சதவீதத்துக்கு இறங்கிடும். ஒரு சொட்டு ஈரத்தைக்கூட நீங்க எடுக்கலை, சூடுதான் ஏத்தினீங்க. கராஜில் ஓடுற டீஹியூமிடிஃபயரும் இப்படித்தான்: குளிர்ந்த சுருளில் காத்தைப் பட வெச்சு ஈரத்தைச் சொட்ட விட்டு, அப்புறம் சூடான சுருள் வழியா வெளியே தள்ளும். அதனால அறை கொஞ்சம் சூடாகும், ஆனா காஞ்சிருக்கும். கராஜ் கதவு திறந்தே கிடந்தா மட்டும் ஊர்க் காத்தையெல்லாம் காய வைக்கிற வீண்வேலை.

தண்ணி தூவும் அந்தக் கருவிக்கு 1906 ஜனவரி 2 அன்று பேட்டன்ட் கிடைச்சது. 1911ல் அமெரிக்க மெக்கானிக்கல் பொறியாளர் சங்கத்தில் சைக்ரோமெட்ரி சூத்திரங்களை வாசிச்சார். தெர்மல் பேப்பரில் ஸ்கேலை வெச்சுக்கிட்டு, எந்தக் கோடு எங்கே போகுதுன்னே தெரியாம முழிச்சோமே, அந்த சார்ட்டின் வேர் அங்கேதான். திட்டணும்னா ஆள் யாருன்னு இப்போ தெரிஞ்சுபோச்சு.

முதல் உலகப்போர் வந்ததும் கம்பெனி அவருடைய பிரிவை மூட முடிவு பண்ணிச்சு. பன்னிரண்டு, பதிமூணு வருஷ உழைப்பு நடுத்தெருவில். ஏழு பொறியாளர்கள் சேர்ந்து, கையில் இருந்ததைப் போட்டு 32,600 டாலர் திரட்டி, 1915ல் கேரியர் இன்ஜினியரிங் கார்ப்பரேஷனைத் தொடங்கினாங்க. கேம்பஸ் ஆஃபர் கைநழுவிப்போனா உலகமே முடிஞ்சதுன்னு உட்கார்ந்திருக்கிற நண்பர்கள் இந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கலாம்.

அப்போதைய குளிரூட்டிகளில் அமோனியா ஓடிச்சு. கசிந்தா ஆபத்து, கூட்டம் கூடுற இடத்தில் வைக்க முடியாது. 1922ல் அதைவிடப் பாதுகாப்பான திரவத்தில் ஓடும் சென்ட்ரிஃபியூகல் மெஷினைக் காட்டினார். 1925 மே மாதக் கடைசியில் நியூயார்க் ரிவோலி தியேட்டரில் முதல் காட்சி. மக்கள் சந்தேகத்தோட கை விசிறியும் கொண்டு வந்தாங்க. அரங்கம் மெதுவாத்தான் குளிர்ந்தது. ஒவ்வொருத்தரா விசிறியைக் கீழே வெச்சாங்க. கேரியர் அதைப் பாத்துக்கிட்டிருந்தார். அப்புறம் தியேட்டர்கள் வரிசை கட்டின. 1928ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கும் குளிர் வந்தது.

வீடுகளுக்கு மட்டும் லேசில் நுழைய முடியலை. பொருளாதார மந்தம், பிறகு இரண்டாம் உலகப்போர். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் பனிவீடு மாதிரி ஓர் அரங்கமே கட்டி ஜனங்களுக்குக் குளிரைக் காட்டினார். 1950 அக்டோபர் 7 அன்று இறந்தார். அமெரிக்காவில் வீட்டு ஜன்னல்களில் ஏசி பெட்டிகள் கூட்டம் கூட்டமா முளைச்சது அதுக்கு அடுத்த சில வருஷங்களில்.