ஒரு பைசாவில் ஊர்களை இணைத்தவர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முடித்து வரும் நம் பிள்ளைகள் எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. கணினியை வளர்த்தவர்களில் கறுப்பின மக்களும் உண்டு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அமெரிக்காவின் லாங்லி விமான ஆய்வுக்கூடத்தில் கையால் கணக்குப் போட்ட கறுப்பினப் பெண்கள் தனி அறையில் ஒதுக்கி வைக்கப்பட்டார்கள். 1949-ல் அவர்களுக்குத் தலைமை ஏற்றவர் டோரத்தி வாகன். கணினி வந்ததும் ஃபோர்ட்ரான் மொழியைத் தாமே கற்று, மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். அவர் பெயர் உலகுக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று.

நம் மண்ணிலும் அப்படி மறைக்கப்பட்ட ஒருவர் இருந்தார். அவர் காலத்தின் தொழில்நுட்பம் அச்சு இயந்திரம். அவர்தான் அயோத்திதாசப் பண்டிதர்.

1845 மே 20 அன்று சென்னையில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். ஆசிரியர் மீது கொண்ட மதிப்பால் அவர் பெயரையே தம் பெயராக்கிக்கொண்டார். சித்த மருத்துவர், பன்மொழி அறிந்தவர். 1891-ல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கி, கல்வியும் நிலமும் கேட்டார். 1898-ல் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார்.

1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். விலையே அதன் பெயர். கூலித் தொழிலாளியும் வாங்க வேண்டும் என்பதே நோக்கம். அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆனது. கோலார் தங்கவயல் தொழிலாளர், ரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் பிழைக்கப் போன தமிழர் எனக் கடல் கடந்தும் வாசகர்கள் சேர்ந்தார்கள். வாசகர் கேட்ட கேள்விகளுக்குப் பண்டிதர் இதழிலேயே பதில் எழுதினார். வரலாறு, மருத்துவம், இலக்கியம், சாதி எதிர்ப்பு எல்லாம் அதில் இடம்பெற்றன. செல்போன் இல்லாத காலத்தில் சிதறிக் கிடந்த மக்களை அந்தத் தாள் இணைத்தது.

1914 மே 5 அன்று அவர் மறைந்தார். பிறகு பாடநூலும் மேடையும் அவரை மறந்தன. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைப் பாதுகாத்து வைத்திருந்ததால்தான், 1999-ல் ஞான அலாய்சியஸ் தொகுத்த அவரது எழுத்துகள் நூலாக வெளிவந்தன. 2005-ல் தபால்தலையும் வெளியிடப்பட்டது. அந்தத் தாள்கள் பழைய பேப்பர் கடைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பண்டிதர் சபை கண்ட அதே 1891-ல், நம் திருவள்ளூர் பகுதி அடங்கிய செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டர் திரமென்ஹீர், ஒடுக்கப்பட்டோர் நிலையை அறிக்கையாக எழுதினார். பஞ்சமி நிலம் அதன் விளைவாக வந்தது. உங்கள் ஊரில் அந்த நிலம் எங்கே இருந்தது, இன்று யார் கையில் இருக்கிறது? முதல் பட்டதாரி யார், பள்ளிக்காகப் போராடியவர் யார்? மாணவர்களே, பெரியவர்களைக் கேட்டுப் பெயரோடும் ஆண்டோடும் எழுதுங்கள். பட்டா இருந்தால் படம் எடுத்து வையுங்கள். நம் வரலாற்றை நாம் எழுதாவிட்டால், நாம் இல்லாத வரலாற்றையே நம் பிள்ளைகள் படிக்க நேரும்.