பெற்ற கல்வியைத் திருப்பித் தந்தவர்
மேரி கியூரி அம்மையாரின் வாழ்வு

1867 ஆம் ஆண்டு நவம்பர் 7 ஆம் திகதி போலந்து நாட்டின் வார்சோ நகரில் மரியா ஸ்க்லொடோவ்ஸ்கா பிறந்தார். தந்தையார் கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர். தாயார் பெண் பிள்ளைகளுக்கான பாடசாலையொன்றை நடத்தியவர். மரியாவுக்குப் பத்து வயதாயிருக்கையில் தாயார் காசநோயால் காலமானார்.

அந்நாளில் வார்சோ ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. 1883 இல் தங்கப் பதக்கத்துடன் பாடசாலையை விட்டு வெளியேறிய மரியாவுக்கு, பெண் என்பதனால் அந்நகரின் பல்கலைக்கழகம் இடமளிக்கவில்லை. ஆயினும் அவர் படிப்பை விடவில்லை. அதிகாரிகளின் கண்ணில் படாதபடி வீட்டுக்கு வீடு மாறி மாறி வகுப்புகள் நடந்த 'பறக்கும் பல்கலைக்கழகம்' அவருக்கும் அவருடைய தமக்கை புரோனியாவுக்கும் கைகொடுத்தது.

சகோதரிகள் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். முதலில் தமக்கை பரிஸ் சென்று மருத்துவம் படிப்பது. தங்கை உழைத்துப் பணம் அனுப்புவது. தமக்கை படித்து முடித்ததும் தங்கைக்கு உதவுவது. அதன்படி பதினெட்டு வயதில் மரியா தொலைவிலுள்ள கிராமமொன்றில் ஒரு செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளின் ஆசிரியையானார். ஓய்வு நேரத்தில் ஏழைக் குடியானவரின் பிள்ளைகளுக்குப் போலந்து மொழியில் எழுத்தறிவித்தார். அது தண்டனைக்குரிய குற்றமென்று அறிந்தே செய்தார். இரவில் தன் பாடங்களைத் தானே படித்தார்.

1891 இல் அவருடைய முறை வந்தது. பரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, குளிரிலும் அரைப்பட்டினியிலும் படித்து, 1893 இல் பௌதிகத்தில் முதலிடமும் 1894 இல் கணிதத்தில் இரண்டாமிடமும் பெற்றார். இடையில் அவருக்கு 600 ரூபிள் புலமைப்பரிசில் ஒன்று கிடைத்தது. திருப்பிக் கொடுக்க வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. ஆயினும், உழைக்கத் தொடங்கியதும் அத்தொகை முழுவதையும் திருப்பிச் செலுத்தினார். தம்மைப் போன்ற இன்னொரு பிள்ளை அதற்காகக் காத்திருக்கும் என்பதே அவருடைய எண்ணம்.

1895 இல் விஞ்ஞானி பியர் கியூரியை மணந்து மேரி கியூரி ஆனார். 1898 இல் இருவரும் பொலோனியம், ரேடியம் ஆகிய இரு மூலகங்களைக் கண்டறிந்தனர். மழைக்கு ஒழுகும் கொட்டகையொன்றில், தொன் கணக்கான கனியக் கழிவைக் காய்ச்சியும் கிளறியும் நான்காண்டுகள் பாடுபட்டுக் கிடைத்தது ஒரு கிராமின் பத்திலொரு பங்கு ரேடியம் குளோரைட்டே. அதைப் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தால் பெருஞ்செல்வம் சேர்ந்திருக்கும். அறிவு உலகுக்குப் பொது என்று கருதி, இருவரும் அதனை எல்லோருக்கும் வெளியிட்டனர்.

1903 இல் கணவருடனும் ஹென்றி பெக்கரெலுடனும் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பெற்று, அப்பரிசு பெற்ற முதற் பெண்மணியானார். 1906 இல் பியர் வீதி விபத்தில் மாண்டார். இரு பெண் குழந்தைகளுடன் விடப்பட்ட அம்மையார், கணவர் கற்பித்த இடத்திலேயே நின்று கற்பித்தார். சோர்போனில் அவ்வாறு கற்பித்த முதற் பெண்ணும் அவரே. 1911 இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் மிகச் சொற்ப வாக்குகளால் அவரைச் சேர்க்க மறுத்தது. அதே ஆண்டு இரசாயனத்துக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

1914 இல் போர் மூண்டதும் எக்ஸ் கதிர்க் கருவிகளை மோட்டார் வண்டிகளில் ஏற்றிப் போர்முனைக்குக் கொண்டு சென்றார். மூத்த மகள் ஐரீன் தாயுடன் நின்று உழைத்தாள். ஏறக்குறைய 150 பெண்களை அம்மையார் இப்பணிக்குப் பயிற்றினார். காயம்பட்டவரின் உடலில் குண்டு எங்கே தைத்திருக்கிறதென்று கத்தி வைக்குமுன்பே வைத்தியர்கள் கண்டுகொண்டனர்.

போருக்குப் பின் ஒரு கிராம் ரேடியத்தின் விலை ஒரு இலட்சம் டொலர். அதைக் கண்டறிந்தவருக்கே வாங்க வசதியில்லை. அமெரிக்கப் பெண்கள் நிதி திரட்டி 1921 இல் ஒரு கிராம் ரேடியத்தை அன்பளித்தனர். தமது பெயருக்கு எழுதப்பட்டிருந்த நன்கொடைப் பத்திரத்தை, வைபவத்துக்கு முந்திய இரவே ஆய்வுகூடத்தின் பெயருக்கு மாற்றுவித்தார் அம்மையார். 1932 இல் வார்சோவில் ரேடியம் நிலையம் திறக்கப்பட்டது. பெண் என்று கதவடைத்த அந்நகரில், அதன் முதற் பணிப்பாளராய் அமர்ந்தவர் தங்கையின் ஊதியத்தில் படித்த புரோனியா.

கதிர்த்தொழிற்பாட்டின் ஆபத்தை அந்நாளில் எவரும் முற்றாக அறிந்திருக்கவில்லை. 1934 ஜூலை 4 ஆம் திகதி குருதிச் சோகையால் அம்மையார் காலமானார். நெடுங்காலம் கதிர்களுடன் பழகியதே காரணமெனக் கருதப்படுகிறது. அவருடைய குறிப்பேடுகள் ஈயப் பெட்டிகளில் வைத்தே இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. அவர் அறியாதிருந்ததைப் பின்வந்தோர் அறிந்தனர். அதனாலேயே இன்று புற்றுநோயாளருக்கு அளவறிந்து கதிர்ச் சிகிச்சை அளிக்க முடிகிறது. அடுத்த ஆண்டில் ஐரீனும் கணவருடன் நோபல் பரிசு பெற்றார்.

நமது கல்லூரியின் நூறாண்டுகளிலும் நாம் அறிந்தும் அறியாமலும் யாரோ ஒருவரின் உழைப்பிலே படித்தோம். தமக்கையின் சம்பளம், தாயின் காப்பு, ஆசிரியையின் மாலை நேரம் என்று. உலகின் எம்மூலையில் வாழ்ந்தாலும் பழைய மாணவிகளாகிய நமக்கு அந்த 600 ரூபிளின் கதை நினைவில் இருக்கட்டும். இன்றும் நமது வகுப்பறையில் ஒரு பிள்ளை தன் முறைக்காகக் காத்திருக்கிறாள்.